முதல் ஷீட்டைப் பாஸ் பண்ணாதவர்

மெஷினிலிருந்து முதல் ஷீட் வந்து விழுந்ததும் அதை இரண்டு விரலால் தூக்கி, மேசை விளக்கின் கீழ் விரித்து, கழுத்துக் கயிற்றில் தொங்கும் லென்ஸைப் படத்தின் மேல் கவிழ்த்து, கண்ணை அதில் புதைத்துக்கொள்கிறார் லென்ஸ்காரர். வலது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பியிருக்கிறது. உள்ளே புகையிலை. மூலையில் இருக்கும் மணல் வாளியைக் குறி பார்த்து ஒரு துப்பு. பிறகு தீர்ப்பு.

"சிவப்பு பத்தலை."

மெல்லும் புகையிலைக்குப் பொட்டலம் அச்சடிக்கிற அச்சகம் அது. பொட்டலத்தில் பாதி இடத்துக்கு மேல், புற்று அரித்த வாயின் படம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் படம், மேலிடத்திலிருந்து வந்த மாதிரித் தாளோடு நிறம் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் லென்ஸ்காரரின் உத்தியோகம். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறார். முதல் ஷீட்டை ஒருநாளும் பாஸ் பண்ணியது கிடையாது. அப்படிப் பண்ணினால் தன்னை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களாம்.

படத்தில் வாயைப் பிளந்துகொண்டிருப்பவனுக்கு அச்சகத்தில் மாப்பிள்ளை என்று பெயர். "மாப்பிள்ளை முகம் வெளிறிப்போச்சு, கொஞ்சம் கவனி" என்பார் லென்ஸ்காரர். மெஷின்காரர் விடமாட்டார். "உங்க வீட்டுப் பொண்ணைக் குடுக்கப்போறீங்களாண்ணே, இவ்ளோ அழகு பார்க்கறீங்க?"

ஒருமுறை மேனேஜர் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணே, சிவப்பைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமே. புகையிலை போடுற பார்ட்டி வருத்தப்படறாங்க."

"அதெப்படி சார்? பார்த்ததும் ஜனங்களுக்கு வயித்தைக் கலக்க வேணாமா? இது பொதுச் சேவை சார்!"

சொன்ன கையோடு இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். படம் கிழியாமல் ஓரமாகப் பிரித்தார். நாலு கலரில் உழைத்த உழைப்பு அல்லவா!

இப்படிப்பட்ட கடமை வீரருக்கு வீட்டில்தான் முதலில் சோதனை வந்தது. ஒரு வாய்ச் சோறு தின்றவர் தட்டைத் தள்ளினார்.

"என்ன இது, இவ்ளோ காரம்?"

"மிளகாயைக் கண்ணுலகூடக் காட்டலைங்க" என்றாள் மனைவி. "உங்க வாய்லதான் ஏதோ கோளாறு."

"உனக்குச் சமைக்கத் தெரியலைன்னா என் வாய் என்ன பண்ணும்?"

ஆனாலும் தொழில்காரர். மனைவியை டார்ச் பிடிக்கச் சொல்லிக் கண்ணாடி முன்னால் நின்றார். லென்ஸை உள்ளே விடப் பார்த்தார், நுழையவில்லை. மூன்று விரல் போன வாயில் இப்போது இரண்டுதான் போயிற்று. வயதானால் மெஷினே இறுகும்போது வாய் இறுகாதா என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். வலது கன்னத்தின் உட்புறம், புகையிலை குடியிருக்கும் அதே இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. துண்டு முனையால் தேய்த்தார். போகவில்லை.

வேறு யாராவது என்றால் டாக்டரிடம் போயிருப்பார்கள். இவர் மறுநாள் அச்சகத்திலிருந்து மாதிரித் தாளைக் கொண்டுவந்தார். கண்ணாடியில் தெரிந்த கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, முறைப்படி ஒப்பிட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சிவப்பு. நமக்கு வெள்ளை. மேட்சே ஆகலை."

"எதுக்கும் ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமேங்க."

"வலிக்கவே இல்லை, என்னத்தைக் காட்டச் சொல்றே? கலர் பார்க்கறதுல எனக்கே பாடமா?"

எட்டு மாதம் அந்தத் தீர்ப்பு நின்றது. பொட்டலமும் நின்றபாடில்லை. பிறகு வெள்ளையின் நடுவில் ஒரு புண் வந்தது. ஆறு வாரம் ஆறாமல் இருந்தது. வாய் துடைத்த துண்டில் ரத்தம். தாடைக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி. அவர் மறுபடியும் மாதிரித் தாளை எடுத்துவந்தார். கன்னத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மனைவி கேட்பதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு நாளா இருக்கு ஐயா?" என்றார் டாக்டரம்மா.

"வெள்ளையா எட்டு மாசம்மா. புண்ணு ஆறு வாரமா. படத்துச் சிவப்பு இப்பத்தான். சிவந்ததும் ஒருநாள்கூடத் தள்ளலை, வந்துட்டேன்."

ஒழுங்காக லீவ் லெட்டர் கொடுத்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். புண்ணின் ஓரத்திலிருந்து துளி சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கன்னத்தை எடுக்க வேண்டும், கூடவே தாடை எலும்பில் ஒரு பகுதி, கழுத்துக் கட்டிகள், அதற்கப்புறம் ஆறு வாரம் கதிர்வீச்சு.

"வெள்ளையா இருந்தப்பவே வந்து, புகையிலையையும் விட்டிருந்தீங்கன்னா, சின்ன வெட்டோட போயிருக்கலாம் ஐயா. படத்துல இருக்கறது கடைசி. ஆரம்பம் வெள்ளையா, வலிக்காமதான் இருக்கும்."

பக்கத்தில் மனைவி ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"அப்ப அந்த வெள்ளையை ஏம்மா பொட்டலத்துல போடலை?" என்றார் லென்ஸ்காரர்.

"அதைப் பார்த்து யாரு பயப்படுவாங்க?"

நியாயமான பதில். தொழில் தெரிந்த இருவர் பேசிக்கொண்டால் இப்படித்தான், மேற்கொண்டு பேச ஒன்றும் இருக்காது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் அவர் வேலைக்கு வந்தார். புகையிலை இல்லாமலே கன்னம் உப்பியிருந்தது. முதல் ஷீட் விழுந்தது. அவர் சொல்லப்போவது தெரிந்த மெஷின்காரர் முன்னாடியே சிவப்பைக் கூட்டக் கையைக் கொண்டுபோய்விட்டார்.

லென்ஸ்காரர் லென்ஸைத் தொடவில்லை. ஷீட்டை எடுத்துக்கொண்டு, கை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிக்குப் போனார். திறக்கிற வரைக்கும் வாயைத் திறந்து, ஒரு விரலால் கன்னத்தை விலக்கி, ஷீட்டைப் பக்கத்தில் பிடித்தார்.

திரும்பி வந்தார். காதிலிருந்து பேனாவை எடுத்து, முதல் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.