வைரம் உடைக்கிற மாப்பிள்ளை

நிலநடுக்கம் வந்தால் மற்றவர்கள் வெளியே ஓடுவார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் கிடக்கும் கனிமங்களில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது என் வேலை. அதிர்வு வந்து சேரும் நேரத்தோடு அதை ஒப்பிட்டால், யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் என்ன கல் இருக்கிறது என்று ஊகிக்கலாம். தொண்ணூறுகளில் ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தேன். விடுமுறைக்குச் சொந்த ஊரான மலாக்காவுக்கு வந்து இதை விளக்கினேன். இரண்டாவதுதான் கடினம். தன் வேலை என்னவென்று கல்யாணப் பந்தியில் சொல்ல நேர்ந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

டுரியான் விளக்கம்

பெம்பானில் கோப்பிக்கடை வைத்திருந்த முனியாண்டி மாமாவுக்குப் புரியவேண்டுமே என்று, டுரியான் வியாபாரி கத்திப்பிடியால் பழத்தைத் தட்டி உள்ளே எப்படி என்று சொல்வதை எடுத்துக்காட்டினேன். "பூமியையும் அப்படித்தான் மாமா, தட்டிப் பார்க்கிறோம்." அவர் தேத்தண்ணீரை ஆற்றி என் முன்னால் வைத்தார்.

"சரி, தட்டிப் பாத்து நல்லா இல்லேன்னா, வேற மாத்திக் குடுப்பாங்களாடா?"

மெர்லிமாவில் வாய் திறந்தேன்

அடுத்த விடுமுறையில் மெர்லிமாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். மாலதி பள்ளி ஆசிரியை. நான் வேலையைப் பற்றிச் சொன்னதும் கொட்டாவி விடாமல் "ஏன்?" என்று கேட்ட முதல் ஆள். அங்கேயே விழுந்துவிட்டேன். அவளுடைய அம்மா, அவ்வளவு அழுத்தம் எப்படிக் கொடுப்பீர்கள் என்று விசாரித்தார். உப்புக்கல்லைவிடச் சிறிய துணுக்கை இரண்டு வைரங்களின் முனைகளுக்கு நடுவே வைத்து இறுக்குவோம் என்றேன். வைரம் என்றதும் முகம் மலர்ந்தது. "கீறல் விழாதா தம்பி?" விழும் என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "கீறலோடு நிற்காது, பொடியாகிவிடும். போன மாதம்கூட ஒரு ஜோடி போயிற்று" என்றேன்.

நம் வீடுகளில் வைரத் தோடு வாங்கினால்கூட, சில நாள் சாமிமேடையில் வைத்து, குடும்பத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் காதில் ஏறும். இது தெரிந்தவன்தான் நான். மாலதியின் அம்மா எழுந்துகொண்டார்.

"கீறல் விழுந்ததையே நாங்க வீட்டுக்குள்ள விடமாட்டோம். நீங்க பொடியே பண்றீங்க. யோசிச்சுச் சொல்றோம் தம்பி."

தோஷம் யாருக்கு?

விடுமுறை முடியப்போகிறது, பதில் வரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். உடைந்த வைரத்தால் நொடித்த குடும்பங்களின் கதைகளை அம்மா மூச்சுவிடாமல் சொன்னார். மாலதிதான் குறுக்கே புகுந்தாள். "உடைஞ்ச வைரமெல்லாம் யாரோடது?"

"பல்கலைக்கழகத்தோடது."

"வாங்கினவங்களத்தானேம்மா தோஷம் பிடிக்கும்? இவரு என்ன பண்ணுவாரு?"

அம்மா தட்டை எடுத்து வைத்தார். பிறகு என்னைப் பசியாறச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. மாலதி விடவில்லை: "அவ்ளோ சின்னக் கல்லுல சத்தத்த எப்படிக் கேப்பீங்க?" காதால் கேட்க முடியாது, லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறம் இம்மியளவு மாறியிருப்பதைப் பார்த்தே வேகத்தைக் கணக்கிடுவோம் என்றேன். அதுவரை வாயே திறக்காத அவளுடைய அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"காதால கேக்காமலே சத்தத்த அளப்பீங்களா? அப்ப இந்த வீட்டுக்கு நீங்கதான் மருமகன் லா."

அன்றிலிருந்து மாமியாரின் பேச்சை அவர் முகத்தின் நிறம் மாறுவதை வைத்தே கணக்கிட்டு வருகிறேன்; முடிவுகளில் இதுவரை பெரிய பிழை இல்லை.