இரண்டு குடம் குறைந்தது

ஐந்தாம் வகுப்பில் நான் யாரையும் நம்பாமல் திரிந்ததற்கு எங்கள் சுற்றுச்சூழல் டீச்சர்தான் காரணம். ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கிறோம், எது எதற்குச் செலவாகிறது என்று ஒரு மாதம் எழுதச் சொன்னார். சனிக்கிழமைதோறும் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். ஒழுங்காக எழுதியவருக்கு ‘நீர்க் காவலர்’ என்று பச்சை பேட்ஜ். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வேறு. “தண்ணிய யாரு வீணாக்குறாங்கன்னு கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாருங்க” என்றார். நான் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக்கொண்டேன்.

செக்காலைப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அம்மா பன்னிரண்டு குடம் பிடித்து அடுப்படியில் வரிசையாக வைப்பாள். சமையல், குடிப்பது, பாத்திரம் என்று எல்லாம் கழித்துப் பார்த்தாலும் இரண்டு குடம் எப்போதும் குறைந்தது.

முதலில் தம்பியைச் சந்தேகப்பட்டேன். அவன் குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே காவல் இருந்தேன். அடுத்து அப்பா. பட்டறையிலிருந்து மரத்தூளோடு வந்து அவர் கால் கழுவும்போது பின்னாலேயே நின்றேன்.

“என்ன ஆத்தா, கால்ல ஏதும் எழுதியிருக்கா?” என்றார். நான் சிரிக்கவில்லை. காவலர்கள் சிரிக்கக் கூடாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்து, அம்மா ஒரு குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். பின்னாலேயே போனேன். கொல்லைச் சுவரின் கோடியில் ஓர் இடைவெளி. அதற்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு.

அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பிரித்தபோது சண்டை போட்டுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. குழாய் எங்கள் பக்கம் வந்துவிட்டது. சித்தப்பா பக்கம் எங்களில் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அப்பா போட்ட உத்தரவு.

இடைவெளியில் சித்தி நின்றாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

“அக்கா, அங்குட்டு யாரோ நிக்கிற மாதிரி இருக்கு.”

அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்து அம்மா பயந்தது அன்றுதான்.

“இத நோட்டுல எழுதிராத ஆத்தா” என்றாள், கெஞ்சுகிற குரலில்.

தப்புச் செய்யாதவர்கள் எதற்குக் கெஞ்ச வேண்டும்? சித்தி குடத்தோடு போய்ச் சேரும்வரை பார்த்துவிட்டு உள்ளே போய் எழுதினேன்: ‘காணாமல் போனது இரண்டு குடம். எடுத்தவர் அம்மா. போன இடம் சித்தப்பா வீடு.’

சாயங்காலம் அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு நேரமா என்னத்தப் படிக்கிறீக?” அடுப்படி வாசலில் நின்று அம்மா கேட்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னிடம் கேட்டார்: “குடத்தச் சித்தியேவா தூக்கிட்டுப் போச்சு?”

“ஆமா. நடுவுல ரெண்டு தடவ நின்னு மூச்சு வாங்குச்சு.” சாட்சி சொல்கிற மிடுக்கோடு சொன்னேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். பெரிய சண்டைக்குக் காத்திருந்த எனக்கு ஏமாற்றம். இருவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகம் முற்றியது.

அடுத்து தண்ணீர் வந்த காலையில் அம்மாவை முந்திக்கொண்டு அப்பாவே குழாயடியில் உட்கார்ந்திருந்தார். எண்ணினேன். பதினான்கு குடம். கடைசி இரண்டையும் இரு கையிலும் தூக்கிக்கொண்டு சுவர் இடைவெளி வழியாகப் போனார். சித்தப்பா வீட்டுப் பின்வாசல் படியில் சத்தமில்லாமல் வைத்தார். கதவைத் தட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. திரும்பியவர் என்னிடம் மாட்டிக்கொண்டார்.

“ரெண்டு குடம் கூடப் பிடிச்சது எதுக்குப்பா?”

சட்டையில் ஈரத்தைத் துடைத்தபடி வேறெங்கோ பார்த்தார். “வெயில் காலம்ல ஆத்தா.”

கார்த்திகை மாதம். மழை தூறிக்கொண்டிருந்தது.

அப்பா பொய் சொல்கிறார் என்று கண்டுபிடித்ததில் அன்று எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பொய்யைச் சொல்ல அவர் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தார் என்பது தெரியாத வயது.