லிஃப்டில் வந்த சம்பந்தம்

சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து டவுனுக்குப் போய்வருவது இப்போதெல்லாம் எங்களுக்கு ஒரு சின்ன யாத்திரை. போன மாதம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கண்டோன்மென்ட் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் திடீரென்று நின்றுவிட்டார்.

"ஏ, அங்க பாரு. பச்சைத் துணிய எடுத்துட்டாங்க."

கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எனக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கட்டடத்தைத் தெரியாமல் போகுமா? வருஷக்கணக்காகப் பச்சை வலைக்குள் கிடந்த எங்கள் பழைய ஆபீஸ் கட்டடம், பாலாடை நிறத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டு ஓட்டலாகி நின்றது. வாசலில் ஒருவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு எங்களுக்குச் சலாம் வைத்தார். அந்த வாசலில் எங்களுக்கு யாரும் சலாம் வைத்ததில்லை. "செருப்ப தொடச்சிட்டு ஏறுங்க" என்றுதான் சொல்லுவார்கள்.

உள்ளே போனதும் எலுமிச்சைப் புல் வாசனை. எங்கேயோ மறைவாக இயந்திரம் வைத்து ஊதுகிறார்கள் போலிருக்கிறது. எங்கள் காலத்தில் அங்கே அடித்த வாசனையே வேறு. புறா எச்சம், கார்பன் பேப்பர், கீழ்த்தளத் தையல் கடையில் இஸ்திரி போடும் ஈரத்துணி, எல்லாம் சேர்ந்த ஒரு கதம்பம். அதற்குள் ஒன்பது மணிக்கு நுழைந்தால் சாயங்காலம் தலைமுடியோடு ஸ்ரீராம்புரம் வரைக்கும் கூடவே வரும்.

நான் இரண்டாவது மாடியில், தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் டைப்பிஸ்ட். கட்டடத்தில் ஒரு கம்பிக்கூண்டு லிஃப்ட் இருந்தது. அதை ஓட்டியவர் உஸ்மான் பாய். ஏறுகிறவர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "நீங்க படீல ஏறினா ஒடம்புக்கு நல்லது" என்று நல்ல சதைப்பிடிப்பான ஆட்களை அனுப்பிவிடுவார். எங்கள் மேனேஜரையே ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறார்.

அந்தச் சமயம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனேக்கல் குடும்பம், பையன் பட்டறையில் ஃபிட்டர், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போறது பையனோட அம்மாவுக்குப் பிடிக்காதாம்" என்பதையும் சேர்த்துச் சொன்னார். எங்கள் தெருவிலேயே டைப் அடிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். கார்ப்பரேஷனில் துடைப்பம் பிடித்த கையால் அப்பா எனக்கு அந்தப் படிப்பைக் கொடுத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே, ஒரு வேலை நாளில், கரண்ட் போனது. லிஃப்ட் எங்கள் மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. கூண்டின் மேல் பாகம் மட்டும் எங்கள் தரைக்கு மேலே ஒரு சாண் தெரிந்தது. உள்ளே ஒரு பெண் குரல் தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் கம்பியோரம் நின்றேன்.

"பயப்படாதீங்கம்மா, இப்ப வந்துடும்."

"யாரு கண்ணு அது? காலு மட்டும்தான் தெரியுது."

"மேல ஆபீஸ்ல வேலை செய்யறவம்மா."

குரலுக்கு உயிர் வந்துவிட்டது. "அப்படியா? அங்க பம்பு கம்பெனியில டைப்பு அடிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்காமே, தெரியுமா? அத சும்னே ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு ஆனேக்கல்லருந்து வந்தோம். புரோக்கர் சொல்றத நம்ப முடியாது பாரு."

உள்ளே உஸ்மான் பாய் பலமாக இருமினார். எனக்குக் கால் நடுங்கியது. கால் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும் என்பதால் நடுக்கத்தை மறைக்கவும் வழியில்லை.

"தெரியும்" என்றேன்.

"எப்படிப் பொண்ணு?"

இப்படி ஒரு சந்தர்ப்பம் யாருக்கு வாய்க்கும், சொல்லுங்கள். "நல்ல பொண்ணும்மா" என்றேன், கூச்சமே இல்லாமல்.

"சமையலு?"

"சுமாரா செய்யும்."

"கல்யாணம் ஆனா வேலைய விட்டுடும் இல்ல?"

அப்பாவிடம் வராத சொல், முகம் தெரியாத அந்த அம்மாவிடம் வந்தது. "விடாதும்மா. அதுல மட்டும் ரொம்பப் பிடிவாதம்."

"அப்ப நமக்கு சரிப்படாது. வாடா, போலாம்."

"எங்கம்மா போறது?" என்று ஒரு ஆண் குரல் மெதுவாகக் கேட்டது.

மொட்டைமாடி அறையில் ஒரு சக்கரம் உண்டு. கரண்ட் இல்லாவிட்டால் அதைக் கையால் சுற்றி லிஃப்டை நகர்த்தலாம். அறையின் சாவி உஸ்மான் பாயின் சட்டைப் பையில், அதாவது லிஃப்டுக்குள்ளேயே இருந்தது. பாவம், அதுவரை பொறுத்துப் பார்த்தவர், "டைப்பிஸ்ட் அம்மா, ஜல்தி சாவி வாங்குங்க!" என்று கத்திவிட்டார்.

நான் தரையில் குப்புறப் படுத்துக் கம்பி இடைவெளியில் கையை விட்டேன். என் பின்னல் முன்னால் சரிந்து உள்ளே தொங்கியது. சாவியை எட்டிக் கொடுத்தவர் மாப்பிள்ளைதான். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் வந்துவிட்டது.

"நீதானா அது!" என்றார் அந்தம்மா. அப்புறம் ஒரு பெருமூச்சு. "வேலைக்குப் போய்க்கோ தாயி. மொதல்ல எங்கள எறக்கு."

சாவியைப் பிடித்துக்கொண்டு நான் பேரம் பேசினேன் என்று பிற்பாடு அந்தம்மா ஊரெல்லாம் சொன்னார். சத்தியமாக இல்லை. எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது, அவ்வளவுதான். முந்தானை கம்பியில் மாட்டியிருந்தது.

மேனேஜரும் தையல்காரரும் சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றியதில் லிஃப்ட் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தம்மா அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்க இரண்டு மாடியும் படியேறி வந்து நின்றார். "வந்தது வந்தாச்சு, மொகத்தையும் பாத்துட்டுப் போறேன்." கன்னத்தில் ஒட்டியிருந்த தரைப் புழுதியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். "பரவால்ல" என்றார்.

கல்யாணத்துக்கு அப்புறமும் கம்பெனியை மூடும்வரை நான் வேலைக்குப் போனேன். வீட்டில் சண்டை வரும்போதெல்லாம், "லிஃப்டுல சொன்னதெல்லாம் செல்லாது" என்பார் எனக்கு அத்தையாகிவிட்ட அந்தம்மா. ஆனால் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டி வாசலில் வைப்பதும் அவர்தான். உஸ்மான் பாய் காலமாகிவிட்டார், அத்தையும் போய்விட்டார். பம்பு கம்பெனியின் பெயர்கூட இப்போது யாருக்கும் தெரியாது.

ஓட்டலில் அந்தக் கூண்டு அப்படியே இருக்கிறது. தங்க நிறம் பூசி, பூந்தொட்டி வைத்து, போட்டோ எடுக்க நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் கண்ணாடி லிஃப்ட் ஓசையில்லாமல் போய்வருகிறது. இரண்டாவது மாடியை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று ஏறினோம். பொத்தானை எத்தனை அழுத்தியும் நகரவில்லை. ரூமுக்குக் கொடுக்கும் கார்டைக் காட்டினால்தான் மேலே போகுமாம். வரவேற்பில் இருந்த பெண் ஓடிவந்து, "சாரி மேம், கெஸ்ட் மட்டும்தான்" என்று சிரித்தாள். மார்பில் பெயர்ப் பட்டை, வாசனை, அழகான பெண்.

அத்தை இருந்திருந்தால், எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணு, கல்யாணம் ஆயிடுச்சா என்று நிற்க வைத்துக் கேட்டு, அவளையே துணைக்குக் கூட்டிக்கொண்டு மேலே போயிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.