முப்பத்துமூன்றாவது பல்

பல்சக்கரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. முதல் பல்லிலேயே தப்பு செய்திருந்தாலும் கடைசிப் பல்லுக்கு வரும்போதுதான் தெரியும். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போவதுபோலத்தான் இருக்கும்.

தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகிற சாலையில் எங்கள் பட்டறை. ஒரு லேத், ஒரு பழைய மில்லிங் மெஷின், நான், என் வீட்டுக்காரர். ஆள் வைத்துப் பார்த்தோம். வேலை பழகியதும் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். எட்டு வருஷமாகப் பல் வெட்டுவது என் வேலை. லேத் ஓட்டுவதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அவர் வேலை. மில்லிங் மெஷின் பின்பக்கம் இருப்பதால், டீ போட்டுக் கொடுக்க இருப்பவள் என்றே பலர் என்னை நினைத்தார்கள். திருத்திக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. உலையில் அரிசி இருக்கும்.

ஒரு வட்டைச் சமமான பங்குகளாகத் திருப்பித் தருவதற்கு மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட் என்று ஒன்று உண்டு. கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் வட்டு ஒரு சுற்று சுற்றும். முப்பத்துமூன்று பல் வேண்டுமானால், ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேல் ஏழு துளையும் தள்ள வேண்டும். பக்கத்திலேயே ஒரு தகட்டில் முப்பத்துமூன்று துளைகள் வட்டமாக இருக்கும். அந்த ஏழு துளையைத் தடவைக்குத் தடவை எண்ணாமல் இருக்க, கத்தரிக்கோல்போல விரிகிற இரண்டு கைகள் உண்டு. ஆரம்பத்தில் ஒருமுறை எண்ணி விரித்து இறுக்கிவிட்டால் போதும்.

எண்ணுவதில்தான் எனக்குத் தகராறு. என் அப்பா பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் லாரிக்குக் கூடை ஏற்றி எண்ணுகிறவர். முதல் கூடைக்கு ஒன்று என்று சொல்லமாட்டார். ‘லாபம், ரெண்டு, மூணு’ என்றுதான் போகும். நானும் அப்படியே பழகியவள். டிவைடிங் ஹெட்டில் அது ஆகாது. கைப்பிடியின் ஊசி உட்கார்ந்திருக்கும் துளை கணக்கில் சேராது, அடுத்த துளைதான் ஒன்று. “இங்க லாபம் கெடையாது தாயே, சைபர்ல ஆரம்பி” என்று என் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. எட்டு வருஷமும் சைபர் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

போன தை மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கருப்புக் கண்ணாடி, தூசி ஆகாது, குனியக்கூடாது. லேத்தும் என் தலையில் விழுந்தது. சமையல், கண்ணுக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து, நலம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காப்பி. அந்த வாரம் நான் நின்றுகொண்டே தூங்கினேன் என்றால் மிகையில்லை.

அப்போதுதான் இண்டூர்ப் பக்கத்து வெல்ல ஆலைக்காரர் வந்தார். கரும்பு பிழியும் மெஷினில் கியர் உடைந்துவிட்டது. வெட்டிப்போட்ட கரும்பு வெயிலில் காய்கிறது, அடுப்பு அணைந்து கிடக்கிறது. சேலத்து வார்ப்படப் பட்டறையிலிருந்து பல் வெட்டாத இரும்பு வட்டு ஒன்றும் கையோடு வாங்கி வந்திருந்தார். “ஒண்ணுதாங்கண்ணா கெடச்சுது. பாத்து வெட்டிக் குடுங்க” என்று வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது நான்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தேன். முப்பத்துமூன்று பல். வழக்கமாக, வெட்டுவதற்கு முன்னால் வட்டின் விளிம்பில் கீறல் மட்டும் போட்டு ஒரு சுற்று வந்து பார்ப்போம். கடைசிக் கீறல் சரியாக விழுந்தால்தான் ஆழமாக வெட்டுவது. அன்றைக்கு அதைச் செய்யவில்லை. கால் கடுத்தது, அவ்வளவுதான் காரணம். டிவைடிங் ஹெட்டின் கைகளை விரித்து, துளைகளை எண்ணி, இறுக்கினேன். ஒவ்வொரு பல்லுக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனேன்.

சாயங்காலம் முப்பத்துமூன்றாவது பல்லைப் பார்த்தேன். மற்றப் பல்லைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமன். மெஷினை நிறுத்திவிட்டு, துளைகளை மறுபடி எண்ணினேன். ஊசி இருந்த துளையையும் சேர்த்து ஏழு; உண்மையில் ஆறு துளைதான் தள்ளியிருக்கிறேன். வாய் என்னை அறியாமல் லாபத்தில் ஆரம்பித்திருக்கிறது. ஒருமுறை தப்பாக எண்ணியதை அத்தனை பல்லுக்கும் பிசகாமல் செய்து வைத்திருந்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரிடம் சொன்னபோது கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை. “சரி, விடு” என்றார்.

காலையில் ஆலைக்காரர் வந்தார். கியரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் முகம் கறுத்தது.

“என்னங்கண்ணா இது? கண்ணு தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லியிருக்கலாமில்ல? நான் வேற எடம் பாத்திருப்பேனே. கரும்பு பூரா வீணாப் போவுது.”

“என் தப்புதாங்க,” என்றார் என் வீட்டுக்காரர். “நாந்தான் கண்ணு சரியாவறதுக்குள்ள அவசரப்பட்டுட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷம் இந்தப் பட்டறையிலிருந்து போன நல்ல கியர் எல்லாம் அவர் பெயரில் போயிற்று. அதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கெட்டுப்போனதும் அவர் பெயரில்தான் போக வேண்டுமா?

“அவர் தொடவே இல்லீங்க. நாந்தான் வெட்டினேன்,” என்றேன். “துளை எண்ணறப்ப ஒண்ணு தப்பிடுச்சு. போன வருசம் உங்களுக்குப் பெரிய கியர் குடுத்தமே, இப்பவும் ஓடுதே, அதுவும் நாந்தான் வெட்டினேன்.”

ஆலைக்காரர் என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. “அட, விடுங்க அண்ணி,” என்றார், குழந்தையிடம் பேசுகிற குரலில். “பொம்பளைங்க நீங்க என்ன பண்ணுவீங்க? போன வருசம் அண்ணன் பக்கத்துல இருந்து சொல்லிச் சொல்லிச் செய்ய வெச்சிருப்பாரு.” பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “வேற வட்டுக்குச் சொல்லிப் பாக்கறேன். அதைச் சேலத்துலயே வெட்டிக்கறேங்கண்ணா. உங்களுக்குக் கண்ணு தேவலையானதும் அடுத்த வேலை தரேன்” என்றார்.

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

நான் மெஷினிலிருந்த இரும்புத் தூளைப் பெருக்கி அள்ளினேன். வெகுநேரம் கழித்து அவர் வாசலிலிருந்தே சொன்னார். “உன்ன யாரும் ஒரு வார்த்த திட்டக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்.”

“திட்டியிருக்கட்டுங்க,” என்றேன். “வேலை செஞ்சவளைத்தானே திட்டுவாங்க.”