நான் கழுவிய நான்கு தடிகள்

எழுபதுகளின் நடுவில் மெல்பர்னில் ஒரு பழம்பொருள் கடையின் பின்கட்டில் எனக்கு வேலை. வருகிற சாமான்களைத் தூசி தட்டி, சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நான் கோயமுத்தூரில் அப்பாவின் லேத்துப் பட்டறையில் வளர்ந்தவன். அழுக்குப் பிடித்த கருவியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

ஒருநாள் ஏதோ பண்ணைவீட்டிலிருந்து நான்கு தடிகள் வந்து இறங்கின. பூர்வகுடிகளின் பழைய ஆயுதங்கள். கருத்த, கெட்டியான மரம். தலைப்பக்கம் உருண்டு, உடம்பு முழுக்க வளைந்து வளைந்து செதுக்கிய கோடுகள். நான்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. கோடுகளுக்குள் பிசுக்கு அப்பியிருந்தது. முதலாளி சிட்னிக்குப் போயிருந்தார். மறுநாள் ஆயுத பூஜை. நான்கையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“ஏனுங்க, ஊரான் ஆயுதத்துக்கெல்லாம் நீங்க பூஜை போடோணுமாக்கும்?” என்று மனைவி கேலி செய்தாள். நான் கேட்கவில்லை. சுடுதண்ணீரில் சோடாத்தூளைக் கரைத்து, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தேன். ஒரு தடியிலிருந்து மட்டும் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. துரு என்று நினைத்துக்கொண்டேன். மரத்தில் ஏது துரு? அதைக்கூட யோசிக்காத மண்டை. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் காயவைத்து, நல்லெண்ணெய் பூசினேன். காலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, முதலாளி வருவதற்குள் துடைத்துக் கடை அலமாரியில் அடுக்கினேன்.

அடுத்த வாரம், தடிகள் இங்கே வந்ததைக் கேள்விப்பட்டு ஒரு பூர்வகுடிக் கிழவர் தன் மகளோடு வந்தார். அவருடைய அப்பா அந்தப் பண்ணையில் வேலை செய்தவராம். அப்பாவும் அவருடைய தம்பிகளும் சேர்ந்து செதுக்கிய தடிகளாம் அவை. கிழவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது அதிகாரிகள் வந்து அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கோ ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை.

“எங்கப்பா தடியில மட்டும் கோட்டுக்குள்ள செம்மண்ணைக் குழைச்சுத் தேய்ச்சிருப்பாரு,” என்றார் ஆங்கிலத்தில். “அவர் மொகம்கூட மறந்துபோச்சு. அந்தச் செவப்பு மறக்கல.”

முதலாளி மோசமான ஆள் இல்லை. “எதுன்னு காட்டுங்க, எடுத்துட்டுப் போங்க,” என்றார்.

அன்றைக்குத் தண்ணீரில் ஓடியது அந்தச் செம்மண்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வேலை போய்விடுமே என்று மூடிக்கொண்டேன். அவ்வளவு கோழை நான்.

கிழவர் ஒவ்வொரு தடியாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவதில் அவர் விரல் நின்றது. கைப்பிடிக்குச் சற்று மேலே, ஒரு கோட்டின் இடுக்கில், சிவப்பாக ஒரு பொட்டு.

“இதுதான்,” என்றார் மகளிடம்.

அது நான் சரியாகத் துடைக்காமல் விட்ட குங்குமம். செம்மண் கரைந்துபோன தடி எது என்று எனக்கே தெரியாது.

மகள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தடியைச் சுற்றினாள். வாசல்வரை போன கிழவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“செவப்பு போகாமப் பாத்து வச்சிருந்தீங்க,” என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.