சிரிப்புக்குச் சத்தம் போன பிறகு

முதலில் கெட்டது என் பேச்சு அல்ல, சிரிப்பு. அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி சரசு.

ஊரெல்லாம் வீசிடி வாடகைக்கு விட்ட காலம் அது. நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில், வீட்டை ஒட்டியே நாலு பின்னல் மெஷின்கள் போட்டு ஒரு சின்ன நிட்டிங் யூனிட் நடத்தி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களுக்கு விடுமுறை. மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு நானும் சரசுவும் ஒரு மேடைச் சிரிப்புக்காரரின் வீசிடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

ஈரோட்டுப் பக்கத்து ஆள். பாட்டு, ஆட்டம், துணைக்கு ஆள் எதுவும் கிடையாது. ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று ஒரு மணி நேரம் பேசுவார். சாமி, சாவு, சம்பந்தி, கட்சிக்காரர் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். "எங்கூர் அம்மனுக்கு ஆயிரங் கண்ணுங்க. ஆயிரமும் உண்டியல் மேலதான். பூசாரிக்குக் கை ரெண்டே ரெண்டுதானுங்க, ஆயிரங் கண்ணுக்கும் தப்பீருது" என்பார். இதையெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கலாமா என்று எங்கள் சொந்தத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் கேட்பேன். கேட்பதோடு நிற்காமல் ஊர் கேட்கச் சிரிப்பேன்.

என் சிரிப்பு எங்கள் வீதியில் பிரசித்தம். தண்ணீர் ஏறாத மோட்டாரைப் போல முதலில் கொஞ்ச நேரம் இழுக்கும், பிறகு ஒரேயடியாகக் கொட்டும். சரசுவும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். இருபது வருடத்துக் குடித்தனத்தில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே காரியம் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சிரிப்பு ஏன் இப்படிக் கரகரங்குது?"

"நேத்து மெஷின்கிட்ட நின்னு கத்துனது புள்ள. சரியாப் போயிரும்."

பின்னல் மெஷின் ஓடும் இடத்தில் சாதாரணக் குரலுக்கு வேலையில்லை. நூல் அறுந்துவிட்டது என்பதைக்கூட அடிவயிற்றிலிருந்து கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியேதான் இருக்கும். அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை. மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று சரசு இடித்துக் கொடுத்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு நாட்களைக் கடத்தினேன். இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். என்னைப் போல் பீடி குடித்தவராக இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

நான் கோயம்புத்தூருக்குப் போனபோது பேச்சே காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். பிறகு பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய், பக்கத்துக் குருத்தெலும்பு வரைக்கும் ஊன்றியிருந்தது. கதிர்வீச்சு மட்டும் போதாது என்றார் மருத்துவர். இளவயதுக்காரர். ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார்.

"குரல்வளையை முழுசா எடுக்கணுங்க. அதுக்கப்புறம் மூச்சு மூக்கு வழியா வராது. கழுத்துல ஒரு துளை வெப்போம், அது வழியாத்தான்."

உயிருக்குப் பயமில்லையே என்று நான் கேட்டேன். இப்போதே எடுத்துவிட்டால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். பேச முடியுமா என்று கேட்டேன். பயிற்சி எடுத்தால் ஒரு மாதிரி பேசலாம் என்றார். எழுந்திருக்கப் போனேன். கூட வந்திருந்த சரசு எழவில்லை.

"சிரிப்புங்க டாக்டர்?"

"சிரிப்புங்களா?"

"இவரு சத்தமாச் சிரிப்பாருங்க. அது வருங்களா?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "சிரிப்பாருங்க. சத்தம் வராதுங்க."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உயிர் ஊசலாடும் இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்று நடைக்கூடத்தில் வந்து அவளைக் கடிந்துகொண்டேன். கடிந்துகொள்ள மிச்சமிருந்த குரல் அவ்வளவுதான்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். கழுத்துக் குழாய் மூச்சுக்கு, மூக்குக் குழாய் சாப்பாட்டுக்கு. என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு பொறுமையாக ஊட்டியிருக்க மாட்டாள். சரசு கரைத்த கூழைத் துளித்துளியாக அந்தக் குழாயில் ஊற்றிக்கொண்டிருப்பாள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. நாக்கில் ருசி போயிற்று.

புதிய உடம்பின் சட்டதிட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இந்தத் துளைக்கு ஸ்டோமா என்று பெயர். அதற்குள் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது கழுத்தைக் காபந்து பண்ண வேண்டும். சூடான காபியை ஊதி ஆற்ற முடியாது, வாயில் காற்றே வராது. தாளிக்கிற வாசனை மூக்கு வரை வராது. தும்மினால் கழுத்துதான் தும்மும். எல்லாவற்றையும்விட, பஞ்சு பறக்கிற யூனிட்டுக்குள் துளையைத் திறந்து வைத்துக்கொண்டு போகவே கூடாது. சரசு எங்கள் யூனிட்டின் கட்பீஸ் துணியையே எடுத்துக் குழந்தைக்குக் கட்டுகிற எச்சில் துணி மாதிரி சின்னச் சின்னதாக வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்து, நாடா வைத்துத் தந்தாள். ஆயிரக்கணக்கான பேர் உடம்புக்குத் துணி பின்னியவனுக்குக் கடைசியில் கழுத்துக்கு ஒரு துணி.

வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு, நானே எழுந்து போய்ப் பழைய வீசிடியைப் போட்டேன். உயிரோடு வந்துவிட்டேன், இனி எல்லாம் பழையபடிதான் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மனின் ஆயிரங் கண் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது, கண் சுருங்கியது, வாய் திறந்தது. சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் சரசு திரையைப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த துணுக்குக்கும் அப்படியே.

மகள் கவிதா எனக்கு எழுதி அழிக்கிற பலகை ஒன்று வாங்கித் தந்திருந்தாள். அதில் எழுதிக் காட்டினேன்: "சிரிப்பு வரலையா?"

சரசு பலகையை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு எப்பவுமே இந்தாளு பேச்சு புடிக்காதுங்க. சாமியைப் பேசறான், பொம்பளைகளைப் பேசறான். நீங்க சிரிக்கறதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வரும். இப்ப நீங்க சிரிக்கறது எனக்குத் தெரியவே மாட்டேங்குதுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அதற்கும் சத்தமில்லை. மருத்துவமனை நடைக்கூடத்தில் நான் கடிந்துகொண்ட கேள்விக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. தனக்கு என்ன போகப்போகிறது என்று அவள் எனக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் வீசிடி போடவில்லை. பார்க்க வந்த சொந்தங்களுக்கு அது திருப்தியாக இருந்தது. சீக்காளி இருக்கிற வீட்டில் சிரிப்பென்ன என்று ஏற்கெனவே பேசிக்கொண்டார்களாம். நோய் திரும்புமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதைவிடப் பெரிதாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு அறையில் படுத்துக் கிடந்தோம். உயிர் பிழைத்து வந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

கல்லூரி விடுமுறைக்கு வந்த கவிதாவால் அந்த அமைதியைப் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு, அந்த ஆளின் புது வீசிடி ஒன்றை எடுத்து வந்து யாரையும் கேட்காமல் போட்டுவிட்டாள். போட்ட கொஞ்ச நேரத்தில் சரசுவின் அண்ணன் வந்து சேர்ந்தார். மூலனூரில் முருங்கைத் தோப்பு வைத்திருப்பவர். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை ஆரஞ்சு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூர்ல ஒருத்தருக்கும் இதே சீக்குத்தானுங்க மாப்ள. பாவம், தங்கமான மனுசன்" என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் ஓர் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார். எனக்கு ஒரு சுளை நீட்டினார். வேண்டாம் என்று கையசைத்தேன். அவரே வாயில் போட்டுக்கொண்டார். அடுத்ததையும் போட்டுக்கொண்டார்.

திரையில் அந்த ஆள் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார்.

"சீக்காளியைப் பாக்க வர்றவன் ஆரஞ்சு வாங்கிட்டு வருவானுங்க. சீக்காளிக்குத்தானே? அதான் இல்லீங்க. அவனே உரிப்பான், அவனே திம்பான். தின்னுபோட்டு, 'எங்க பெரியப்பனுக்கும் இதே சீக்குத்தானுங்க, தங்கமான மனுசன்'னு ஒரு பெருமூச்சு உடுவான். சீக்காளி அப்பவே பாதி செத்துருவானுங்க."

மச்சானின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. சுளையிலிருந்து சாறு சொட்டியது. சரசு பதறிப்போய் ரிமோட்டைத் தேடினாள். ரிமோட் மச்சானின் தொடைக்கு அடியில் இருந்தது. மூத்தவரை, அதுவும் வீடு தேடி வந்தவரை, கொஞ்சம் எழுந்திருங்கள் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. கவிதா தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் ஓடினாள். திரையில் அந்தப் பாவி நிறுத்தவில்லை.

"மீதியைக் கொல்றதுக்கு அந்த ஆரஞ்சுக்காரன் சம்சாரம் கூடவே வருவாளுங்க. 'ஒன்னுமில்ல, தைரியமா இருங்க'ம்பா!"

எனக்கு உடைந்துகொண்டு வந்துவிட்டது. வயிற்றிலிருந்து கிளம்பிய காற்று முழுக்கக் கழுத்துத் துளை வழியாக வெளியே பாய்ந்தது. அங்கே கட்டியிருந்த துணி படீரென்று மேலே எழும்பித் தாடையில் அடித்துக் கீழே விழுந்தது. மறுபடியும் எழும்பியது. மறுபடியும் விழுந்தது.

"சரசு! மாப்ளைக்கு மூச்சு முட்டுது! தண்ணி கொண்டா!" மச்சான் ஆரஞ்சோடு துள்ளி எழுந்தார்.

சரசு தண்ணீருக்குப் போகவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணி எழும்பிற்று. அவள் உதடு நெளிந்தது. துணி விழுந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்த முறை அது எழும்பி என் மூக்கைத் தொட்டதும் அவளால் முடியவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "இல்லீங்ணா... முட்டலீங்ணா... அவரு சிரிக்கறாருங்ணா" என்று இடையிடையே சொன்னாள்.

மச்சான் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கையிலிருந்த தோலைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்து மிச்சச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "அந்தாளு சொல்றதும் நாயந்தானுங்களே" என்றார். துணி இன்னும் உயரப் பறந்தது.

அன்றிலிருந்து சரசு தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். டிவிக்கு முதுகு, எனக்கு முகம். அந்த ஆள் பேசுவது அவளுக்கு இப்போதும் பிடிக்காது. என் கழுத்துத் துணி எப்போது எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். யூனிட்டுக்குப் போகும்போது கட்ட இரண்டு மடிப்புத் துணி. ஞாயிற்றுக்கிழமைக்கென்று மெல்லிய ஒற்றை மடிப்பில் தனியாகத் தைத்திருக்கிறாள். அது நன்றாகப் பறக்கிறதாம்.

பேச்சுப் பயிற்சிக்கும் போகத் தொடங்கினேன். உணவுக்குழாய்ப் பேச்சு என்பார்கள் (காற்றை விழுங்கி, ஏப்பமாக வெளியேற்றி அதில் சொல்லை உருட்டுவது). நாகரிகமானவர்கள் அடக்கிக்கொள்கிற ஒன்றில்தான் நான் இப்போது நலம் விசாரிக்கிறேன். ஆரம்பத்தில் ஓர் ஏப்பத்துக்கு ஓர் எழுத்து வந்தது. மரியாதை சேர்க்கக் காற்று மிஞ்சாது. பெரியவர்களை "வா" என்று அழைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பிச் சமாளிப்பேன். உங்களுக்கும் இந்த நோய் வந்திருந்தால், வெட்கப்படாமல் ஏப்பம் விடுங்கள். வீட்டில் உள்ளவர்கள் கொஞ்ச நாளில் பழகிவிடுவார்கள்.

சோதனைக்குக் கோயம்புத்தூர் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மருத்துவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க, அடுத்த தடவை வாங்க" என்கிறார். அந்த "அடுத்த தடவை" வரைக்கும்தான் என் காலம் இப்போது நீள்கிறது. முன்பு வருடக் கணக்கில் திட்டம் போட்டவன் நான். எந்த மெஷினை விற்று எதை வாங்குவது, கவிதாவுக்கு எப்போது கல்யாணம் என்று. இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் நீளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அது மிகப் பெரியது.

உடம்பும் வேறு மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பு என்னுடையது, எனக்குத் தோன்றும்போது வந்து போவது என்று நினைத்திருந்தேன். இன்று மதியமும் வீசிடி ஓடுகிறது. அந்த ஆள் ஒரு கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லி, முடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். சமையலறையிலிருந்து சரசு குரல் கொடுக்கிறாள்.

"ஏனுங்க! இருங்க, நான் வர்ற வரைக்கும் சிரிச்சுப்போடாதீங்க!"

ரிமோட்டை அமுக்குகிறேன். திரையில் அந்த ஆள் வாயைத் திறந்தபடி நிற்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.