ஆறு மணிக்குள் அனுப்பிய செய்தி

இதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தாராளமாகப் பிதுக்கிக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். போன வருஷம், கரையான்சாவடியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். அதுவும் நடுராத்திரியில் இல்லை. வெயில் இன்னும் இறங்காத சாயங்காலத்தில், கீழே ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அந்த வீட்டில் தனியாக இருந்த ஜெயப்பிரியா அம்பத்தூரில் ஐ.டி. வேலை பார்ப்பவள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரே தம்பி, தமிழ்வாணன். அவன் நல்ல வேலையை உதறிவிட்டு, ஆவடிக்காரர் கங்காதரனோடு இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றக் கிளம்பியிருந்தான். கங்காதரன் கப்பல் வேலையில் ஓய்வு பெற்றவர். அங்கே பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி வேறு தண்ணீரைப் பார்க்காத பயலுக்குக் கடல் பைத்தியம் பிடித்தால் யார் என்ன செய்ய முடியும்?

ஒன்பது நாளாகப் படகு, ஆளில்லாத ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தது. வெளியே வெறிபிடித்த காற்று. அது எப்போது அடங்கும் என்று இணையத்தில் பார்த்துச் சொல்வது ஜெயப்பிரியாவின் பொறுப்பு. படகில் நெட் கிடையாது. சாட்டிலைட் கருவியில் குறுஞ்செய்தி மட்டும் போகும், வரும். கங்காதரன் எந்தக் கடலுக்குப் போனாலும் கைக்கடிகாரத்தை மாற்றமாட்டார். அதனால் படகில் எப்போதும் ஆவடி நேரம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் அனுப்பினாள்: "மாலை 6 மணிக்குக் காற்று அடங்கும். கிளம்பலாம்."

மாலை 5.10. வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் இணையத்தில் காற்று நிலவர அட்டவணையை மறுபடி திறந்தாள். அதில் இருந்தது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். தினமும் கூட்டிச் சொல்கிறவள், ராத்திரி ஷிப்ட் முடித்த தூக்கக் கலக்கத்தில் அன்று மறந்துவிட்டாள். காற்று அடங்குவது இரவு 11.30 மணிக்கு! ஆறு மணிக்குக் கிளம்பினால் தம்பி பிழைக்கமாட்டான்.

போனை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள்...

மேசையில் டம்ளர் நேராகத்தான் இருந்தது. உள்ளே காபி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. காலண்டர் சுவரைவிட்டு முன்னால் வந்து தொங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போனது.

5.16. டமார்! படுக்கையறைக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பீரோக் கண்ணாடி நொறுங்கித் தரையெல்லாம் சிதறியது. ஈரமாக ஏதோ ஒன்று அவள் கையில் ஓங்கி அடித்தது. போன் பறந்துபோய்ச் சமையலறையில் விழுந்தது.

அவள் வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தது. கண்ணாடித் துண்டுகளின் மேல் விழுந்தாள். முழங்கை கிழிந்தது.

கீழ்வீட்டுச் சரசா வெளியிலிருந்து கத்தினாள். "இன்னாம்மா நடக்குது உள்ள? ஊட்ட இடிக்கிறியா?"

"சரசாக்கா! கதவ ஒடைங்கக்கா!"

வாய் பொத்தப்பட்டது. உதட்டில் உப்பு.

5.38. தவழ்ந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கை போனைத் தொட்டது.

பின்கழுத்தைப் பிடித்தது அது. குளிர்ந்த விரல்கள். காதோரம் தண்ணீர் குழறும் சத்தம்... "க்... க்..."

அவள் நெற்றியைச் சமையல் மேடையில் இடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

தம்பியைக் கொல்லத்தான் இது வந்திருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் பயம் போய் ஆத்திரம் வந்தது.

இஞ்சி இடிக்கிற கல்குழவி கையில் தட்டுப்பட்டது. எடுத்தாள். திரும்பாமலே பின்பக்கம் ஓங்கி அடித்தாள்.

சட்!

எலும்பு உடைகிற சத்தம்.

பிடி விட்டது. திரும்பினாள்... யாரும் இல்லை. தரையில் தண்ணீர்.

5.44. ரத்த விரலால் அனுப்பினாள்: "6 மணிக்குக் கிளம்பாதே. 11.30."

5.47. பதில் வந்தது: "சரி."

அவள் ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். தம்பி பிழைத்துவிட்டான்.

மறுநாள் காலை கங்காதரனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. தமிழ்வாணன் கடலில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் நேரில் வந்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"காத்து அடங்கலியாண்ணே?"

"சுத்தமா அடங்கிச்சிம்மா. நீ சொன்ன மாதிரியே. கடலு தட்டாட்டம் கெடந்துச்சு. நங்கூரம் இழுத்துகினு இருந்தான். தல சுத்துதுண்ணேன்னான். வுழுந்தான். மேல வர்ல."

"தல ஏன் சுத்திச்சு?"

கங்காதரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாய்ங்காலம் தூங்கிகினு இருந்தான்மா. நான் பக்கத்துலதான் குந்தினு இருந்தேன். திடீர்னு கத்திகினு எய்ந்தான். நெத்தி பொளந்து ரத்தம்... எங்கயும் இடிச்சுக்கல. இன்னாடான்னேன். 'அக்கா அடுத்து அனுப்புற மெசேஜால நான் சாவுறாப்ல கனாண்ணே. அனுப்பாதன்னு சொல்லத்தாண்ணே போனேன். அக்கான்னு கூப்ட வாய் வர்ல. அடிச்சிட்டா'ன்னான்."

"எத்தினி மணிக்கு?"

"வாட்சப் பாக்கலம்மா. ரத்தத்தத் தொடச்சிகினு இருக்கும்போதே உன் மெசேஜு வந்துச்சு."